காட்டலும் காண்டலும்: குழவி மொழி பெறுமாறு

பேச்சறியாக் குழவிக்கு எண்ணம் உண்டோ, இன்றோ? உண்டெனின், அதற்கு மொழி எதன்பொருட்டு வேண்டும்? இன்றெனின், எண்ணமில்லா ஒன்று எண்ணத்திற்கு வாயிலாகிய மொழியை எவ்வாறு கற்றது? இவ்விரு வினாக்களும் தொட்டிலருகே நிற்பார் ஒவ்வொருவர்க்கும் எழத்தக்கன. ஆயினும் எளியனவல்ல. சொல்லோடு கலவாத அறிவென ஒன்று உலகத்தில்லை என்பது வாக்கியபதீயம் இயற்றிய பர்த்ருஹரியின் கோட்பாடு. அவர்வழி நின்றார் சொல்லையே முதற்பொருளெனக் கொண்டனர். சைவசித்தாந்தம் இதனை உடன்படுவதன்று. வாக்கு சுத்தமாயையின் காரியம், அது சடம், அறிவது உயிரே, சொல் அவ்வறிவு விளங்குதற்குத் துணையாம் கருவி என்பது சித்தாந்தத் துணிபு. இவ்விரண்டனுள் எது குழவியின் வளர்ச்சியோடு பொருந்துவது என்பதை, இக்காலத்து ஆய்வாளர் கண்டவற்றையும் உடன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

செவியே முதல் வாயில்

குழவியின் மொழிக்கல்வி அது பிறந்த பின்னர்த் தொடங்குவதன்று. கருப்பத்தின் இறுதித் திங்கள்களிலேயே அதன் செவி தொழிற்படத் தொடங்குகின்றது. தாயின் குரல் நீரினூடும் என்பினூடும் சென்று அதற்கு எட்டுகின்றது. பிறந்து மூன்று நாளுக்குட்பட்ட குழவிகள் பிற மகளிர் குரலினும் தம் தாயின் குரலையே விரும்பிக் கேட்டல் 1980-இல் செய்யப்பட்ட ஆய்வொன்றால் புலனாயிற்று. நான்கு நாட் குழவிகள் தம் வீட்டு மொழியை அயன்மொழியினின்றும் பிரித்தறிதலை 1988-இல் பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர் கண்டனர். அக்குழவிகட்குச் சொல் ஒன்றேனும் தெரியாது. அவை பற்றிக்கொண்டது மொழியின் ஓசைநடை, அஃதாவது சந்தம். திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதர் திருப்புகழைப் பதிப்பித்தோர் ஒவ்வொரு பாடற்கும் முதற்கண் பொருளில்லாச் சந்தக்குழிப்பை அமைத்து, அதன்பின் சொல்லை நிறுத்துவர். இயற்கையும் குழவியின் நெஞ்சில் அம்முறையே செய்கின்றது: முதலில் சந்தம், பின்னர்ச் சொல்.

ஆறு முதல் எட்டுத் திங்கள் நிரம்பிய குழவி உலகின் எம்மொழியின் ஒலியையும் பிரித்துணர வல்லது. டகரத்திற்கும் தகரத்திற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்கொள்வோம். நுனிநா அண்ணத்தைத் தொடப் பிறப்பது டகரம். நா பரந்து பல்லின் அடியை ஒற்றப் பிறப்பது தகரம் எனத் தொல்காப்பியப் பிறப்பியல் இவற்றை வகுத்துரைக்கும். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு சொற்பொருளை வேறுபடுத்துவதன்று. ஆதலின் ஆங்கிலம் பேசும் முதியோர்க்கு இவ்விரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். ஆயினும் ஆங்கிலம் பேசுவோர் வீட்டு ஆறு திங்கட் குழவி, இந்தி மொழியின் டகர தகரங்களைப் பிழையின்றிப் பிரித்தறிந்தது. அவ்வீட்டுக் குழவிகளே பத்துப் பன்னிரண்டு திங்கள் எய்தியபோது அவ்வாற்றலைப் பெரும்பாலும் இழந்திருந்தன. இதனை 1984-இல் வெளியிட்டவர் வெர்க்கர், டீஸ் என்னும் ஆய்வாளர் இருவர். தமிழ் வீட்டிலும் இந்தி வீட்டிலும் அவ்வேறுபாடு நாள்தோறும் செவிப்படுதலின் அவ்வாற்றல் நிலைபெறுகின்றது. ஆகவே குழவியின் முதலாண்டு பெறுதலேயன்றி விடுதலும் உடையது. எல்லா மொழிக்கும் உரிய செவி, ஒரு மொழிக்குரிய செவியாய் உருக்கொள்கின்றது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னும் உண்மைக்கு இதனினும் தெளிவான காட்டு அரிது.

செங்கீரையும் அம்புலியும்

ஐந்தாம் திங்களை ஒட்டியதாகப் பிள்ளைத்தமிழ் கூறும் பருவம் செங்கீரை. கையூன்றித் தலை நிமிர்த்தி அசைதலே அது என்பர் பலர். கீர் என்பதற்குச் சொல் எனப் பொருள்கொண்டு, மழலை ஒலி எழுப்பும் பருவம் என விளக்குவாரும் உளர். ஏறத்தாழ இக்காலத்தே குழவி, உயிரொலியோடு மெய்யொலியைக் கூட்டிப் பன்முறை அடுக்கி ஒலித்துப் பழகத் தொடங்குகின்றது. அவற்றுள் முந்துவன இதழ் இரண்டும் இயைதலாற் பிறக்கும் பகர மகரங்களும், வாயைத் திறத்தல் ஒன்றானே பிறக்கும் அகரமும் ஆம். நாவை மடித்தும் வருடியும் ஒலிக்கவேண்டும் ழகரமும் றகரமும் மிகப் பிந்தியே அமையும். அம்மா, அப்பா என்பன மக்கள் வாயில் முந்தி வருதற்குக் காரணம் இதனால் விளங்கும். அவ்வொலியைக் கேட்ட தாய் தன்னையே அழைத்ததாக மகிழ்ந்து விடை கூறுகின்றாள். அவ்விடையே ஒலியைச் சொல்லாக்குகின்றது.

இனி, ஓராண்டு நிறைந்த பின்னர் வருவது அம்புலிப் பருவம். தாய் மகவை இடையில் ஏந்தி, வானத்து நிலவைச் சுட்டி, அதனை விளையாட வருமாறு அழைக்கின்றாள். இதனைக் கவிமரபின் அழகு என்று மட்டும் கொள்ளற்க. மொழிக் கல்வியின் உயிர்நிலை இதன்கண் உள்ளது. தாய் விரலை நீட்டும்போது மகவு விரலை நோக்காது நிலவை நோக்குகின்றது. பின் திரும்பித் தாயின் முகத்தை நோக்குகின்றது. தான் கண்டதனையே அவளும் கண்டனள் எனத் தெளிந்து மகிழ்கின்றது. தாய், மகவு, நிலவு என்னும் மூன்றும் ஒரு காட்சியில் கூடியபோதே நிலா என்னும் ஒலி பெயராகின்றது. ஒன்பதாம் திங்கள் தொடங்கிப் பன்னிரண்டாம் திங்களுக்குள் இவ்வாறு சுட்டலும் சுட்டியதை நோக்கலும் குழவிகட்குக் கைவருகின்றன. இதனை முன்னரே நன்கு பெற்ற குழவிகள் சொற்களையும் முந்திப் பெறுகின்றன என்பது பல ஆய்வுகளின் முடிவு.

சித்தாந்த நூலுணர்ந்தார்க்கு இது புதிதாகத் தோன்றாது. கண்ணுக்குக் காணும் இயல்பு உண்டேனும், உயிர் உடன்நின்று காட்டினாலன்றி அது காணமாட்டாது. உயிர்க்கும் அறியும் இயல்பு உண்டேனும், இறைவன் காட்டினாலன்றி அறியமாட்டாது. அவன் காட்டுதலோடு அமையாது, உயிரோடு உடனாய் நின்று தானும் காண்கின்றான். இவற்றைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் எனப் பிரித்தோதுவர். தாய் இறைவன் அல்லள். எனினும் அவள் தொழிலும் இவ்விரண்டாகவே உள்ளது. காட்டுதல் மட்டும் செய்து உடன்காணாத இடத்து மகவு மொழியைப் பெறுவதில்லை. இதற்குச் சான்று பின்னர்க் கூறுவாம்.

பெயர் பெறுமுன் அறிவு

இனி, முதல் வினாவிற்கு வருவாம். பெயரறியாக் குழவிக்கு அறிவு உண்டோ? சிவஞான சித்தியார் அளவையியலில் காட்சியை நிருவிகற்பம், சவிகற்பம் என இரண்டாக்கும். பொருளொன்று உளது என்னும் அளவில் நிற்பது முன்னது. அப்பொருளைப் பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தால் வேறுபடுத்தித் துணிவது பின்னது. ஆகவே பெயர்க்கு முன்னும் அறிவு உண்டு என்பது நூலின் கருத்தாதல் தெளிவு.

இக்கால ஆய்வும் இதற்கு அரண் செய்கின்றது. ஐந்து திங்கட் குழவியின் முன் ஒரு பெட்டியை வைத்து, அதனைத் திரையால் மறைத்து, அத்திரை பெட்டியை ஊடுருவிச் செல்வதுபோல் காட்டியபோது, அக்குழவி வியந்து நெடுநேரம் நோக்கியது என 1985-இல் எழுதினர். கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமற் போய்விடவில்லை என்று அது அறிந்திருந்தது. 1992-இல் காரன் வின் என்னும் அம்மையார், ஒரு பாவையைத் திரைக்குப் பின் மறைத்து, மற்றொன்றையும் அதனோடு சேர்த்துப் பின் திரையை நீக்கினார். இரண்டிருத்தற்கு மாறாக ஒன்றே இருந்தபோது குழவிகள் நெடுநேரம் நோக்கின. ஒன்று, இரண்டு என்னும் சொற்கள் அவற்றிற்குத் தெரியா. ஆயினும் ஒன்றோடொன்று சேர்ந்தால் ஒன்றாகாது என்பது தெரிந்திருந்தது. ஆதலின் சொல்லின்றி அறிவேயில்லை என்பார் கூற்று நிரம்புவதன்று.

அங்ஙனமாயின் சொல் வறிதோ எனின், அன்று. ஒன்றரை ஆண்டுக் குழவி வீட்டு நாயைக் கண்டு நாய் என்னும் சொல்லைக் கற்றபின், ஆட்டையும் கன்றையும் அப்பெயராலேயே அழைத்தல் எல்லாரும் அறிந்தது. இதனைப் பிழை என்று நகைத்தல் வேண்டா. அக்குழவி ஒரு பெயரைப் பல பொருட்குப் பொதுவாக்கிச் சாதி ஒன்றை வகுத்துவிட்டது. வகுத்த எல்லை மட்டும் அகன்றது. ஆடு, கன்று என்னும் பெயர்கள் வந்து அவ்வெல்லையைச் சுருக்குகின்றன. பெயரும் சாதியும் ஒன்றையொன்று திருத்தி வளர்தலை இங்குக் கண்கூடாகக் காணலாம்.

பெயர்மட்டுமன்று, உருபும் அவ்வாறே. தமிழில் ஒரு சொல்லின் இறுதியில் வேற்றுமையும் காலமும் இடமும் அடுக்கி வருதலின் அது குழவிக்கு அரியதாகும் என எண்ணத் தோன்றும். பரிமளா இராகவேந்திராவும் லாரன்சு லெனார்டும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானது. தமிழ்க் குழந்தைகள் இவ்விகுதிகளை மிக இளமையிலேயே, பிழை குறைந்து ஆளுகின்றனர் என அவர் கண்டனர். ஒவ்வோர் உருபும் ஒவ்வொரு பொருளைத் தெளிவாகத் தருதலும், சொல்லிறுதியில் நின்று செவிக்கு எளிதிற் புலப்படுதலும் அதற்குக் காரணமாம். இலக்கணம் கற்பிப்பார் எவருமின்றியே மூவாண்டு மகவு உருபு மயங்காமல் பேசுதல் வியக்கத்தக்கதே.

அண்ணாமலையும் திசைச்சொல்லும்

சொல் எண்ணத்தை எவ்வளவு வளைக்கும் என்பதற்குத் திருவண்ணாமலையிற் பிறந்த மகவே நல்ல எடுத்துக்காட்டு. கிழக்கு என்பது கீழ் என்பதனடியாகவும், மேற்கு என்பது மேல் என்பதனடியாகவும் பிறந்தன. தமிழகம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்திருத்தலே இதற்குக் காரணம். அருணாசலேசுவரர் திருக்கோயில் மலையின் கீழ்த்திசை அடிவாரத்தில் உள்ளது. கிழக்கே 217 அடி உயர்ந்த இராசகோபுரம், மேற்கே பேய்க்கோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், வடக்கே அம்மணியம்மாள் கோபுரம் எனத் திசைதோறும் ஒவ்வொரு கோபுரம் நிற்கின்றது. இந்நகரத்து மகவுக்கு மேற்கு என்பது மெய்யாகவே மேல். நிமிர்ந்து நோக்கினால் மலை தோன்றும் பக்கம். ஆனால் மலைக்கு மறுபுறம் அடியண்ணாமலையில் வளரும் மகவுக்கோ மலை கீழ்த்திசையில் நிற்கின்றது. அம்மகவு மேற்கு என்பது மலையின் பெயரன்று, ஞாயிறு மறையும் திசையின் பெயர் என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். சொல்லானது அது முதற்கண் பற்றிய பொருளினின்றும் நீங்கிப் பொதுமை எய்தும் வழி இதுவே. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவுள்ள வலம்வரு பாதையில், இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் ஈறாக எட்டுத் திசைக்கும் எட்டு இலிங்கங்கள் உள. பெற்றோர் தோளிலும் கையிலுமாக அவ்வழிச் செல்லும் மகவுக்கு எண்டிசையும் ஏட்டுச் சொற்களல்ல. காலால் நடந்தறிந்த இடங்கள்.

சோற்றுக் கலத்துக்கு வடக்கே தண்ணீர் இருக்கிறது எனச் சிற்றூரார் கூறுவதும், இடப்பக்கம் இருக்கிறது என நகரத்தார் கூறுவதும் வழக்கு. எரிக் பெடர்சன் என்னும் ஆய்வாளர் 1990-களில் தமிழ்நாட்டில் இதனை ஆராய்ந்தார். பொருள்களை வரிசையாக வைத்துக் காட்டிப் பின் பார்ப்பவரை மறுபுறம் திருப்பி நிறுத்தி, அவ்வரிசையை மீண்டும் அடுக்கச் செய்யும் முறையைக் கையாண்டார். திசைச்சொல் வழங்குவோர் பெரும்பாலும் திசை மாறாமலும், இடம் வலம் என வழங்குவோர் பெரும்பாலும் தம் உடலின் பக்கம் மாறாமலும் அடுக்கினர். சொல்வழக்கு நினைவின் வழக்கையும் ஒட்டிச் சென்றது. ஆயினும், இதற்குக் காரணம் சொல்லோ, வாழும் சூழலோ என்பதில் அறிஞர் வேறுபடுவர். எவ்வாறாயினும், சொல் எண்ணத்தைப் படைப்பதில்லை. முன்னுள்ள பல வழிகளுள் ஒன்றை நாள்தோறும் நடந்து நடந்து தேய்ந்த பாதையாக்குகின்றது எனக் கொள்ளுதல் அமையும்.

வைகரியினின்று மத்திமை

மூன்று நான்கு அகவைச் சிறார் விளையாடும்போது தமக்குத்தாமே பேசிக்கொள்வர். "இதை இங்கே வைக்கணும், அப்புறம் மூடணும்" என்பதுபோல வாய்விட்டுக் கூறிக்கொண்டே செயல் புரிவர். பியாசே என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் 1923-இல், இது பிறரை நோக்காத பேச்சு, அகவை ஏற ஏற அழிந்தொழியும் என்றார். உருசிய அறிஞர் வைகோத்சுகி 1934-இல் வெளிவந்த தம் நூலில் இதனை மறுத்தார். அப்பேச்சு அழியவில்லை, உள்ளே சென்று ஒடுங்கி, ஒலியற்ற எண்ணமாகின்றது என்பது அவர் துணிபு. அரிய செயல் நேரும்போது அச்சிறார் மிகுதியாகத் தமக்குள் பேசுதலை அவர் சான்றாகக் காட்டினார்.

சித்தியார் வாக்கினைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காக வகுத்தமை ஈண்டு நினைக்கத்தகும். பிறர் செவிக்குக் கேட்பது வைகரி. பிறர்க்குக் கேளாது தன் உள்ளத்தே சொல்லுருவாய் ஒழுங்குபட நிற்பது மத்திமை. மயில் முட்டையின் நீரில் பல வண்ணங்களும் பிரிவின்றி அடங்கியிருத்தல்போல, எழுத்துகள் வேறுபடாது அடங்கி நிற்பது பைசந்தி. அதற்கும் மூலமாய் ஒளியாய் நிற்பது சூக்குமை. வைகோத்சுகி கூறியது வைகரி மத்திமையாதல் என நாம் சொல்லலாம். நூல், வாக்கு உள்ளிருந்து வெளிப்படும் முறையைக் கூறிற்று. குழவியோ வெளியிருந்து உள்ளே பெறுகின்றது. இது முரணோ எனின், முரணன்று. முட்டையினுள் வண்ணம் இல்லையேல் எத்துணை அடைகாப்பினும் தோகை வாராது. அடைகாப்பார் இல்லையேல் உள்ள வண்ணமும் வெளிப்படாது. தாய் பேசும் வைகரி அடைகாக்கும் வெம்மை; மகவின் வாக்காற்றல் உள்ளடங்கிய வண்ணம். இவ்வொப்புமையைக் கருத்தளவிற் கொள்க. இரு நூலாரும் ஒரே பொருளை ஆராய்ந்தனர் எனக் கொள்ளற்க.

காட்டுவார் இல்லாத இடம்

அடைகாப்பார் இல்லாவிடின் நேர்வது யாது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே துயரமான சான்று ஒன்றுண்டு. மக்களின் இயற்கை மொழி எது என அறிய விரும்பிய அக்பர், குழவிகள் பலரைத் தனி மாளிகையில் வைத்து, அவரோடு எவரும் பேசாதபடி செவிலியரை நியமித்தார். 1582-இல் அங்குச் சென்று பார்த்தபோது அச்சிறார்பால் பேச்சின் சுவடே இல்லை என்பதை அபுல் பசல் தம் அக்பர்நாமாவில் குறித்துள்ளார். உணவும் உடையும் காவலும் குறைவற இருந்தன. காட்டுவார் மட்டும் இலர். வேட்டுவரிடை வளர்ந்த அரசகுமரன் தன்னை வேட்டுவனெனவே எண்ணியது சிவஞானபோதம் கூறும் உவமை. அவனுக்கேனும் வேட்டுவர் மொழி கிட்டியது; இச்சிறார்க்கு எம்மொழியும் கிட்டவில்லை.

இதனோடு மற்றொன்றையும் சேர்த்து எண்ணுக. நிகராகுவா நாட்டில் 1970-களின் இறுதியில் செவிப்புலனற்ற சிறார் பலரை முதன்முறையாக ஒரு பள்ளியில் கூட்டினர். ஆசிரியர் கற்பிக்க முயன்றது உதட்டசைவும் பேச்சும். அச்சிறாரோ தம்முள் கையசைவால் பேசத் தொடங்கினர். பின்னர் வந்த இளஞ்சிறார் அதனை மேலும் திருத்தி, இலக்கணமுடைய முழுமொழியாக்கினர். ஒலியில்லாத இடத்தும் மொழி பிறந்தது. ஒருவரை ஒருவர் கண்டும் காட்டியும் வாழ்ந்தமையே அதற்கு வித்து. ஆகவே மொழிக்கு இன்றியமையாதது ஒலியன்று, உறவு என்பது பெறப்படும்.

இதனாற் பெற்றோர் அறியவேண்டுவது ஒன்று. செவி கேளாத மகவு அறிவற்ற மகவன்று. அதன் அறிவுக்கு வாயில் ஒன்று அடைபட்டுளது, அவ்வளவே. ஆயினும் முதற்சில ஆண்டுகள் எம்மொழியுமின்றிக் கழியுமாயின், பின்னர் எத்துணை முயன்றும் அக்குறை முற்றும் நிரம்புதல் அரிது. பிறந்த அணிமையிலேயே செவியை ஆராயச்செய்து, செவிக்கருவியாலோ கைமொழியாலோ உடனே மொழி புகட்டுதல் வேண்டும். தானே பேசும் எனக் காத்திருத்தல் இரக்கமுமன்று, அறிவுமன்று.

செவி நன்கமைந்த மக்கட்கும் இக்காலத்து ஓர் இடையூறு புகுந்துள்ளது. அழும் மகவின் கையில் கைப்பேசியைக் கொடுத்து அடக்குதல் வீடுதோறும் காணப்படுகின்றது. அதுவும் பேசுகின்றதே, பாடுகின்றதே, மகவு மொழி கற்குமே என்பர். பாட்ரிசியா கூல் என்னும் அம்மையாரும் துணைவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை. ஒன்பது திங்கள் நிரம்பிய அமெரிக்கக் குழவிகளுள் ஒருசாரார்க்குச் சீனமொழி பேசுவார் நேரில் அமர்ந்து கதை கூறி விளையாடினர். மற்றொரு சாரார்க்கு அதனையே படப்பெட்டியிற் காட்டினர். நேரிற் கேட்ட குழவிகள் சீனமொழி ஒலிகளைப் பிரித்துணரக் கற்றன. பெட்டியிற் கண்ட குழவிகள் சிறிதும் கற்கவில்லை. ஒலி ஒன்றே, முகம் ஒன்றே, சொல்லும் ஒன்றே, வேறுபாடு யாது? பெட்டி காட்டும், காணாது. மகவு நிலவைக் கண்டு திரும்பி நோக்கும்போது, தானும் கண்டதாக முகமலர்ந்து விடை கூறும் உயிர் அதன்கண் இல்லை. காட்டும் உபகாரத்தைக் காணும் உபகாரத்தினின்றும் பிரிக்கலாகாது என்பதற்கு இதுவே முன்னர்க் கூறுவதாகச் சொன்ன சான்று.

திருவெம்பாவையும் திருவம்மானையும் மாணிக்கவாசகர் அண்ணாமலையில் அருளியவை என்பது மரபு. இரண்டும் மகளிர் ஒருவரோடொருவர் கூடிச் சொல்லாடும் நடையில் அமைந்தவை. ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டு, கேட்டவர் மறுமொழி கூறி, அதனால் இருவர் உணர்வும் விரிதல் என்பதே அவற்றின் வடிவம். மொழி வாழும் இடமும் அதுவே. உயிர்க்கு அறிவு இயற்கை. அது விளங்குதல் பிறிதொன்று காட்ட நிகழ்வது. பெற்றோரும் ஆசிரியரும் நாள்தோறும் சிறிது பொழுதேனும் மகவின் கண்சென்ற இடத்தே தம் கண்ணையும் செலுத்தி, அதன் பெயரைச் சொல்லி, அது கூறும் மழலைக்கு மறுமொழி கூறுவாராயின், அதனினும் சிறந்த மொழிப்பள்ளி வேறொன்று வேண்டா. பொருட்செலவில்லாத இவ்வுதவியை எளியோர் வீட்டு மகவும் குறைவறப் பெறுதற்கு இடனுண்டு என்பதை அன்பர்கள் ஓர்ந்துணர்வாராக.